வண்ணத் திருத்தமும் யதார்த்தமும்: டிஜிற்றல் புகைப்படம் குறித்து ஒரு திறனாய்வு நோக்கு

1

டிஜிற்றல் கமராவினால் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் வண்ணங்களை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்னும் வினா, இன்று தொழில்முறைப் புகைப்படக்காரரை மட்டும் எதிர்நோக்கும் ஒன்றன்று. கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, நாள்தோறும் அவ்வினாவுக்கு விடையளித்துக்கொண்டிருக்கின்றனர். கலியாண அல்பம் தயாரிப்பவரும், பத்திரிகையின் படத்தொகுப்பாளரும், தேயிலைப் பெட்டியின் மேலட்டையை வடிவமைப்பவரும் அதற்கு விடையளிக்கின்றனர். எனினும் இவ்விடைகள் யாவும் தனிமனித இரசனையைச் சார்ந்தவையாகவே கொள்ளப்படுகின்றன. 'சற்றுக் கூட்டினால் அழகாயிருக்கும்', 'மிகுந்துவிட்டால் செயற்கையாகத் தோன்றும்' என்ற அளவிலேயே உரையாடல் முடிவுற்றுவிடுகின்றது. இரசனை என்பது சமுதாயத்துக்குப் புறம்பானதன்று என்பதை ஏற்றுக்கொள்ளும் திறனாய்வாளர் இவ்விடத்தில் அமைதி காண இயலாது.

இப்பொருள் பற்றிப் பொதுவாக இரு நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. கமரா பதிந்ததைத் தொடலாகாது, தொட்டால் உண்மை கெடும் என்பது ஒன்று. புகைப்படக்காரரும் ஓவியரைப் போன்ற படைப்பாளியே, ஆதலின் வண்ணம் அவரது முழுச் சுதந்திரத்துக்கு உரியது என்பது மற்றொன்று. ஈழத்து இலக்கிய மாணவருக்கு இவ்விரண்டும் அறிமுகமானவையே. முதலாவது, உள்ளதை உள்ளவாறே பிரதிசெய்தலை இலக்காகக் கொண்ட இயற்பண்புவாதத்தின் மறுவடிவம். இரண்டாவது, 'கலை கலைக்காகவே' என்ற பழைய முழக்கத்தின் எதிரொலி. 1960களின் முற்பகுதியில் இங்கு 'இழிசனர் வழக்கு' என்ற பெயரால் நிகழ்ந்த விவாதத்தில், உழைக்கும் மக்களின் பேச்சுமொழி இலக்கியத்தில் இடம்பெறலாமா என்பது வினாவாயிருந்தது. பேச்சை அப்படியே எழுதிவைத்தால் மட்டும் யதார்த்தம் கைகூடிவிடுமா என்ற மற்றொரு வினா அதனோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்திருந்தது. விவரங்களின் உண்மைக்கு அப்பால், வகைமாதிரியான மாந்தரையும் சூழ்நிலைகளையும் உண்மையாகப் படைத்தலை யதார்த்தம் வேண்டிநிற்கின்றது என எங்கெல்ஸ் 1888இல் மார்கரெற் ஹார்க்னஸ் அம்மையாருக்கு எழுதிய கடிதத்திலே குறிப்பிட்ட கருத்து, அவ்வினாவுக்கான விடையை நோக்கி வழிகாட்டுவதாகும். அதே கருத்தைக் கைக்கொண்டு வண்ணத் திருத்தம் என்னும் இன்றைய பிரச்சினையை அணுகுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

'தொடப்படாத படம்' என்று ஒன்று உண்டா என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். டிஜிற்றல் கமராவின் உணரி நிறங்களைக் காண்பதில்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் ஒளியின் அளவை மட்டுமே அளக்கவல்லது. ஆகவே ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றுள் ஒரு நிற வடிகட்டி வைக்கப்படுகின்றது. பெரும்பாலான கமராக்களிற் பயன்படும் அமைப்பு, கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் 1976இற் காப்புரிமை பெற்றதாகும். இதில் வடிகட்டிகளிற் பாதி பச்சை. சிவப்பும் நீலமும் தலைக்குக் காற்பங்கு. மனிதக் கண் பச்சைக்கு அண்மித்த ஒளிக்கே கூடுதலாகத் துலங்குவதால் இவ்வாறு அமைக்கப்பட்டது. ஒரு புள்ளி ஒரு நிறத்தையே அளப்பதால், எஞ்சிய இரு நிறங்களின் அளவும் அயற்புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. வேறு வகையிற் கூறின், இறுதிப் படத்திலுள்ள நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு அளக்கப்பட்டதன்று, ஊகித்துப் பெறப்பட்டதாகும்.

கணிப்பு அத்துடன் நிற்பதில்லை. வெண்மை எது என்பதைக் கமரா தீர்மானிக்கின்றது. அதற்கேற்ப ஏனைய நிறங்களை நகர்த்துகின்றது. இருளையும் ஒளியையும் ஒரு வளைகோட்டின்படி பகிர்கின்றது. நிறங்களின் செறிவை உயர்த்துகின்றது. இவற்றுக்கான அளவுகள் நிறுவனங்களின் ஆய்வுகூடங்களிலே, விற்பனையை முன்னிட்டுத் தெரிந்தெடுக்கப்பட்டவை. கொடாக்கின் ஆய்வாளரான பார்ட்டில்சன் 1960இல் 'நினைவு நிறங்கள்' பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். புல், வானம் முதலிய பழகிய பொருள்களை மக்கள் அவற்றின் உண்மை நிறத்திலும் செறிவான நிறத்தில் நினைவுகொள்ளும் போக்கு உண்டென்பதை அது காட்டியது. புல் இருக்கும் பச்சையை அல்லாது மக்கள் நினைக்கும் பச்சையை அளிக்கும் பண்டமே விலைபோகும் என்பதை வணிகம் நன்கு விளங்கிக்கொண்டது. பியூஜி நிறுவனம் 1990இல் அறிமுகஞ்செய்த வெல்வியா என்னும் பிலிம், அதன் அதீத நிறச்செறிவினாலேயே இயற்கைக் காட்சிப் படப்பிடிப்பாளரிடையே புகழடைந்தது. இன்று அந்நிறுவனத்தின் டிஜிற்றல் கமராக்களிலே அதே பெயர் ஒரு தெரிவாக இடம்பெற்றிருக்கின்றது. இரசாயனத்தின் இயல்பாயிருந்தது மென்பொருளின் பட்டியலில் ஓர் உருப்படியாகிவிட்டது.

எனவே தாம் எதனையும் திருத்தவில்லை எனக் கூறும் புகைப்படக்காரர், உண்மையில் வேறொருவரது திருத்தத்தை ஏற்றுக்கொள்கின்றார். பண்டங்களின் வழிபாட்டுத்தன்மை பற்றி மார்க்ஸ் கூறியது இங்கும் பொருந்தும். மனிதர் செய்த தீர்மானங்கள், பொருளின் இயற்கைக் குணங்கள் போன்று நம்முன் நிற்கின்றன. கமராவின் வழமையான நிறம் 'இயற்கை நிறம்' எனத் தோன்றுவது இவ்வாறே.

3

இருவேறு வானங்களை ஒப்பிட்டு நோக்கினால் இக்கருத்துத் தெளிவாகும். ஐக்கிய அமெரிக்காவின் ஷார்லட் ஒப்சேர்வர் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஒருவர், தீயணைப்பு வீரர் ஒருவரை ஏணியின் மேல் நிழலுருவாகக் காட்டும் படமொன்றை 2006 யூலையில் அளித்தார். மங்கிய பழுப்புச் சாம்பல் நிறமாயிருந்த வானம் அப்படத்திலே செந்நிறமாக மாற்றப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. அவர் பதவி நீக்கப்பட்டார். செய்திப் படத்தின் நிறம் நிகழ்வின் நிறமாயிருத்தல் வேண்டும் என்ற கொள்கையின்படி அம்முடிவு சரியானதே.

2020 செப்டெம்பர் 9ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோ நகரில் இதற்கு நேரெதிரானதொன்று நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் காட்டுத்தீப் புகை நகரின் மேற் படிந்து, நீல ஒளியைத் தடுத்தமையால், பகல்வேளையில் வானம் முழுவதும் கடுஞ் செம்மஞ்சளாயிற்று. மக்கள் தம் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் படம்பிடித்தனர். படங்களில் வானம் சாம்பல் நிறமாகவோ வெளிறிய மஞ்சளாகவோ காணப்பட்டது. ஒரு காட்சி முழுவதும் ஒரே நிறச்சாயல் கொண்டிருப்பின் அது விளக்கொளியினால் வந்த பிழையாகவே இருக்கும் என்ற முற்கற்பிதத்தின்படி, கருவி அச்சாயலை 'நிவர்த்தி' செய்துவிட்டது. வெண்மையின் அளவைக் கையாற் பகலொளிக்கு நிலைப்படுத்தியவர்களும், எடுத்த படத்தைப் பின்னர் திருத்தியவர்களுமே கண்கண்ட வானத்தைப் பெற்றனர்.

ஓரிடத்திற் சாம்பல் வானத்தைச் சிவப்பாக்கிய மனிதர் தண்டிக்கப்பட்டார். மற்றோரிடத்திற் சிவந்த வானத்தைச் சாம்பலாக்கிய கருவி, எவரது கேள்விக்கும் உள்ளாகாது தன் கடமையைச் செய்தது. அனர்த்தத்தின் நிறமே அகற்றப்பட்ட படம் 'தொடப்படாதது' என்றும், அனர்த்தத்தை மீளக் கொணர்ந்த படம் 'திருத்தப்பட்டது' என்றும் பெயர்பெறுகின்றன. திருத்தத்தின் அளவைக்கொண்டு உண்மையை அளக்கமுடியாது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை. தொடாமை என்னும் ஒழுக்கவிதி இவ்விடத்தில் தகர்ந்துவிடுகின்றது.

4

அவ்வாறாயின் படைப்பாளியின் சுதந்திரம் என்ற இரண்டாவது நிலைப்பாட்டை ஏற்றுக்கொள்வதா? அதற்கு முன்னர் நிறம் என்பது யாது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

பொலரோயிட் நிறுவனத்தை நிறுவியவரும் விஞ்ஞானியுமான எட்வின் லாண்ட் 1950களின் இறுதியிலிருந்து நடத்திய பரிசோதனைகள், ஓரிடத்திலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் மட்டுமே அவ்விடத்தின் நிறத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதை எடுத்துக்காட்டின. அயலிலுள்ள பரப்புகளோடு ஒப்பிட்டே கண்ணும் மூளையும் நிறத்தை உணர்கின்றன. மாலை விளக்கொளியிலும் நண்பகல் வெயிலிலும் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே நமக்குத் தெரிவது இதனாலேயே. 2015 பெப்ரவரியில் ஓர் ஆடையின் புகைப்படம் உலகத்தை இரு கூறாக்கியதைப் பலரும் நினைவுகூர்வர். நீலமும் கறுப்புமான அவ்வாடை பலருக்கு வெள்ளையும் பொன்னிறமுமாகத் தோன்றியது. சூழலின் ஒளி எத்தகையது என்பதற்கான சான்றுகள் படத்திற் குறைவாயிருந்தமையால், பார்ப்போர் ஒவ்வொருவரும் தத்தம் ஊகத்தை இட்டு நிரப்பினர்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு முக்கியமானது. நிறம் தனித்து நிற்கும் குணமன்று, அஃது ஓர் உறவு. சொல்லின் பொருள் வாக்கியத்திலும், பாத்திரத்தின் பொருள் நாவலின் சமுதாய உறவுகளிலும் தங்கியிருப்பதுபோல, ஒரு நிறத்தின் உண்மை அது ஏனைய நிறங்களோடு கொண்டுள்ள உறவிலே தங்கியிருக்கின்றது. ஆகவே 'எத்தனை வீதம் கூட்டலாம்' என்பதைவிட, 'இத்திருத்தம் படத்திலுள்ள உறவுகளை என்ன செய்கின்றது' என்பதே பொருத்தமான வினாவாகும். தொல்காப்பியம் உலகியல் வழக்கையும் நாடக வழக்கையும் இணைத்துப் புலனெறி வழக்கத்தை வகுத்தபோது, புனைவு உலகியலிலிருந்து விலகலாம், ஆயினும் அதனோடு தொடர்பறலாகாது என்ற உணர்வு அதற்கு அடிப்படையாயிருந்தது எனலாம். விலகலின் அளவிலும் தொடர்பின் தன்மையே அங்கு முதன்மை பெறுகின்றது.

5

நிற உறவுகளின் சமுதாய முக்கியத்துவம் மனிதத் தோலைப் பொறுத்தவரையிலேதான் மிகவும் வெளிப்படையாகின்றது. வண்ணப் பிலிமைக் கழுவி அச்சிடும் நிலையங்களுக்குக் கொடாக் நிறுவனம் மாதிரி அட்டைகளை வழங்கிவந்தது. அவற்றில் வெள்ளைத் தோலுடைய பெண்ணொருத்தியின் உருவம் இருக்கும். 'ஷேர்லி அட்டை' என்பது அதற்கு வழங்கிய பெயர். அவளது தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்பது விதி. அவ்விதிக்கு அமைய, வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் சேர்ந்திருந்த வகுப்புப் படங்களிலே கறுப்புப் பிள்ளைகளின் முகங்கள் விவரமற்ற இருளாயின. கனேடிய ஆய்வாளர் லோர்னா றோத் 2009இல் வெளியிட்ட ஆய்விலே, கபில நிறங்களைப் பிலிம் சரியாகப் பதியவில்லை என்று மரத்தளபாட உற்பத்தியாளரும் சொக்கலேற் உற்பத்தியாளரும் செய்த முறைப்பாடுகளுக்கு, பிலிமின் தரம் மேம்படுத்தப்பட்டமையிற் பங்குண்டு என்பதை எடுத்துக்காட்டியுள்ளார். மனித முகத்தின் பொருட்டு நிகழாதது, மரத்தின் பொருட்டும் இனிப்புப் பண்டத்தின் பொருட்டும் நிகழ்ந்தது. 2021இற் கூகிள் நிறுவனம் தனது கைத்தொலைபேசியின் கமரா எல்லாத் தோல் நிறங்களையும் செவ்வனே பதியும் என விளம்பரஞ்செய்தமையையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். நீதியும் சந்தையின் விரிவும் அங்கு ஒன்றாகவே வருகின்றன.

1994 யூன் 27ஆம் திகதியிட்ட டைம் சஞ்சிகையின் அட்டை இன்னொரு பாடம். கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்சனின் பொலிஸ் படத்தை அச்சஞ்சிகை மிகவும் கறுப்பாக்கி வெளியிட்டது. அதே வாரத்தில் நியூஸ்வீக் அப்படத்தைக் கறுப்பாக்காது வெளியிட்டமையால், கடைகளில் இரண்டும் அருகருகே இருந்து ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன. எந்தப் பொருளும் சேர்க்கப்படவுமில்லை, நீக்கப்படவுமில்லை; ஒளியும் நிறமும் மாத்திரமே மாற்றப்பட்டன. ஆயினும் அம்மாற்றம் வழக்கு விளங்கப்படுமுன்னரே தீர்ப்பொன்றை உணர்த்தியது. கறுப்பைக் குற்றத்தோடு இணைக்கும் ஒரு சமுதாயத்திலே இருளைக் கூட்டுதல் வெறும் நுட்பச் செயலாக இருத்தல் முடியாது.

நமது சமுதாயத்திலே திசை மறுபுறமானது. கலியாண அல்பங்களில் மணமகளின் முகம் வெளுக்கப்படுதல் ஒரு வழமையாகிவிட்டது. பெரும்பாலும் எவரும் அதனைக் கேட்பதுமில்லை. கலையகத்தார் அதனைச் சேவையின் ஒரு பகுதியாகவே செய்கின்றனர். கைத்தொலைபேசிகளின் அழகூட்டும் முறைகள் அதே பணியைத் தாமாகவே ஆற்றுகின்றன. பெண்ணின் நிறம் சீதனப் பேரத்திலே ஒரு காரணியாக எண்ணப்படுமிடத்து, இது ஆபத்தற்ற அலங்காரமெனக் கொள்ளத்தக்கதன்று. அத்தகைய ஒரு படத்தைக் கூர்ந்து நோக்கினால், மகளின் முகத்துக்கும் அருகில் நிற்கும் தாயின் முகத்துக்கும் இடையே இருந்த நிற ஒற்றுமை அறுந்துபோயிருப்பதைக் காணலாம். கழுத்துக்கும் கைக்கும் முகத்துக்கும் தொடர்பில்லை. தாயிடமிருந்து பெற்ற நிறத்தை மறைத்தலே அங்கு அழகெனப்படுகின்றது. படம் முழுவதையும் ஒரேயளவாக ஒளிரச்செய்தல் ஒன்று, ஒருத்தியை மட்டும் தன் உறவினரிடமிருந்து பிரித்தெடுத்து வெளுத்தல் மற்றொன்று. பின்னையது அளவிற் சிறிதாயினும் தன்மையிற் பெரிது.

6

துன்பத்தின் படங்களில் இப்பிரச்சினை இன்னும் சிக்கலடைகின்றது. 2009இல் டென்மார்க்கின் ஆண்டுச் சிறந்த படங்களுக்கான போட்டியிலே, கிளவுஸ் போ கிறிஸ்ரென்சன் ஹெயிற்றியின் சேரிகளைப் பற்றி அளித்த படங்கள் தள்ளப்பட்டன. அவற்றின் நிறங்கள் மிகையாகத் தோன்றியமையால் நடுவர்கள் கமராவின் மூலக் கோப்புகளைக் கேட்டுப்பெற்று ஒப்பிட்டனர். மூலக் கோப்பு யதார்த்தமாகாது, ஆகவே அது தீர்ப்புக்கு அளவுகோலாகாது என்று படைப்பாளி வாதிட்டார். மேலே நாம் கண்டவற்றின்படி அவர் கூற்றில் நியாயமுண்டு. ஆயினும் அதிலிருந்து மிகை நிறம் யதார்த்தமாகும் என்னும் முடிவு பெறப்படுவதில்லை. தகரக் கூரையும் சேறும் கிழிந்த துணியும் ஆபரணங்களைப்போல ஒளிரும்போது, பார்ப்பவரின் கண் வறுமையிலே தங்காது வண்ணத்திலே தங்குகின்றது. வறுமையையுங்கூட நுகர்வுக்குரிய பொருளாக்கிவிட்டது என வால்ரர் பெஞ்சமின் 1934இலேயே அக்காலத்துப் புகைப்படக் கலையின் ஒரு போக்கைக் கண்டித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

நிறத்தைக் குறைத்தல் இக்குற்றத்திலிருந்து தப்பும் வழியுமன்று. சுவீடன் நாட்டவரான போல் ஹான்சன் 2012 நவம்பர் 20இற் காசாவில் எடுத்த படம், உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் அவ்வாண்டின் சிறந்த படமாக 2013இல் தெரிவாயிற்று. குண்டுவீச்சிற் கொல்லப்பட்ட இரு குழந்தைகளின் உடல்களை வெள்ளைத் துணியிற் சுற்றி ஒடுங்கிய தெருவழியே ஆண்கள் தூக்கிவருகின்றனர். பின்னால் தந்தையின் உடல் வருகின்றது. அடங்கிய நிறங்களும் முகங்களில் மிளிரும் ஒளியும் திரைப்படக் காட்சியொன்றை ஒத்திருப்பதாகப் பலர் கூறினர். படம் ஒட்டிச் சேர்க்கப்பட்டதெனவும் குற்றஞ்சாட்டப்பட்டது. 2013 மே மாதத்திலே மூலக் கோப்பைப் பரிசோதித்த நிபுணர்கள், நிறமும் ஒளியும் முழுமையாகவும் பகுதியாகவும் திருத்தப்பட்டுள்ளன, ஆனால் எதுவும் ஒட்டிச் சேர்க்கப்படவில்லை என அறிவித்தனர். புகைப்படக்காரர் குற்றமற்றவராயினர். எனினும் திறனாய்வாளரின் பணி அத்துடன் முடிவதில்லை. குழந்தைகளைக் கொன்றது யார், ஏன் என்று எழுந்திருக்கவேண்டிய விவாதம், புள்ளிகளும் நிழல்களும் பற்றிய விவாதமாகத் திசைதிரும்பியது. அதற்குத் திருத்தம் மட்டும் பொறுப்பன்று. ஆயினும் பழகிய திரைப்பட மொழியினுள் துயரத்தைக் கொண்டுசென்ற அந்த மெருகு, அத்திருப்பத்துக்கு வாயிலாயிற்று என்பதை மறுத்தற்கில்லை.

வண்ணத்தை முழுமையாகக் கையாண்டும் உறவுகளைக் கைவிடாத கலைக்கு ரகுபீர் சிங் (1942-1999) சான்றாவார். வண்ணம் இந்திய வாழ்வின் உள்ளார்ந்த கூறு என வாதிட்ட அவரது படங்களில் நிறங்கள் செறிவானவையே. ஆனால் அவை ஒரு முகத்தைச் சுற்றிப் பின்னணியை வெறுமையாக்குவதில்லை. தொழிலாளரும், வழிப்போக்கரும், சுவரொட்டியும், மோட்டார் வண்டியும் ஒரே சட்டத்துள் நெருங்கி, ஒன்றன் நிறம் மற்றொன்றன் நிறத்தோடு முரண்பட்டு நிற்கும். பார்ப்பவர் ஒரு சமுதாயத்தைப் படிக்கவேண்டியவராகின்றார். இதற்கு மாறாக, ஸ்ரீவ் மக்கரியின் ஆசியப் படங்களிலே நிறங்கள் இசைந்து, தூய்மையடைந்து, காலங்கடந்த ஒரு கிழக்கை உருவாக்குகின்றன. 2016இல் அவருடைய சில படங்களிற் பொருள்கள் அகற்றப்பட்டமை வெளிப்பட்டபோது, அவர் தம்மைக் காட்சிவழிக் கதைசொல்லி எனக் கூறிக்கொண்டார். அதே ஆண்டில் எழுத்தாளர் தேஜு கோல் இவ்விருவரையும் ஒப்பிட்டு எழுதியமை குறிப்பிடத்தக்கது. நமது நோக்கில், மக்கரியின் பிரச்சினை நிறத்தின் மிகுதியன்று. நிறங்களுக்கிடையிலான முரண்பாடு ஒழிக்கப்பட்டமையே ஆகும்.

7

நம் நாட்டிலே எல்லோரும் அறிந்த ஒரு படத்துக்கு வருவோம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலைப் பெட்டிகளிலும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. மலைச்சரிவு முழுவதும் ஒளிரும் பச்சை, நடுவிலே செந்நிறச் சேலையில் ஒரு பெண், முகத்திற் புன்னகை. மலைநாடு உண்மையிலேயே பசுமையானது. ஆகவே பச்சையைச் சற்று உயர்த்துதல் பொய்யென எவரும் கூறார். விமான நிலையத்தில் இறங்கும் பயணியும் தன்னை ஏமாற்றிவிட்டதாக முறையிடார். நினைவு நிறத்தின் தர்க்கம் இங்கு முழுமையாகத் தொழிற்படுகின்றது.

ஆனால் அப்பச்சை உயர்த்தப்படும்போது வேறெவை தாழ்கின்றன? கொழுந்தின் சாறு ஊறி விரல்களிற் படியும் கறை, இடுப்பிற் கட்டிய படங்கின் அழுக்குநிறம், வெயிலும் குளிரும் மாறிமாறித் தாக்கிய தோலின் வரட்சி, தூரத்திலே தெரியும் லயத்தின் துருவேறிய தகரம் ஆகியன யாவும் மங்கல் நிறங்களைச் சார்ந்தவை. செறிவை உயர்த்தும் திருத்தம் ஏற்கனவே செறிந்த நிறங்களையே முன்தள்ளும். மங்கல் நிறங்கள் பின்வாங்கிவிடும். தோலை மிருதுவாக்கும் திருத்தம் அதனுடன் சேரின் விரற்கறையும் மறையும். அதாவது, இலை ஒளிர்கின்றது, இலையைப் பறித்த கை மறைகின்றது. பண்டம் மிளிர, உழைப்பு மறையும் இவ்வியக்கம் மார்க்சியம் கற்போருக்குப் புதியதன்று. இங்கு அது மென்பொருளிலுள்ள ஒரு நகர்த்தியின் வழியே, எவரும் தீய எண்ணங்கொள்ளாமலே நிகழ்ந்துவிடுகின்றது.

விளம்பரத்துக்குரிய விதி வேறு, செய்திக்கும் கலைக்குமுரிய விதி வேறு எனச் சிலர் கூறலாம். கிளைவகைகளுக்கிடையே வேறுபாடுண்டு என்பது உண்மையே. ஆனால் விளம்பரம் பழக்கிய கண்ணே பின்னர் பத்திரிகைப் படத்தையும் பார்க்கின்றது, தன் வீட்டுப் படத்தையும் திருத்துகின்றது. மலையகத்திலே பிறந்து வளர்ந்த இளைஞனும் தன் தாயின் படத்தைக் கைத்தொலைபேசியில் திருத்தும்போது, அப்பச்சையையே தேடி நகர்த்தியை வலப்புறம் தள்ளுவானாயின், கருத்துநிலை எவ்வளவு ஆழமாக ஊடுருவியுள்ளது என்பதற்கு அதுவே அளவாகும்.

8

இதுகாறும் கூறியவற்றால், வண்ணத் திருத்தத்துக்கு வீதக் கணக்கில் எல்லை வகுத்தல் பயனற்றது என்பது புலனாகும். ஆயினும் எல்லையே இல்லை என்பதன்று இதன் பொருள். நிறம் உறவாதலின், உறவுகளே எல்லையைக் காட்டும்.

ஒளியின் சாயலை நீக்கிப் பொருள்களிடையே இருந்த வேறுபாட்டை மீட்கும் திருத்தம் எவ்வளவு பெரிதாயினும் ஏற்புடையது. சான்பிரான்சிஸ்கோவின் வானத்திற்போலச் சாயலே செய்தியாயிருப்பின், அதனைப் பேணுதல் கடமையாகும். படம் முழுவதற்கும் ஒரேயளவிற் செய்யப்படும் திருத்தத்திலும், ஒரு பகுதியை மட்டும் தனித்தெடுத்துச் செய்யப்படும் திருத்தம் கூடிய விளக்கத்தை வேண்டிநிற்கின்றது. பிந்தியது மனிதரையும் பொருள்களையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்த வல்லது. தோல், காயம், நீர், மண், புகை என்பவற்றைப்போல நிறமே சாட்சியமாக அமையும் இடங்களில், அழகுக்கு வழங்கப்படும் சலுகை மிகச் சிறிதாயிருத்தல் வேண்டும். இவையனைத்துக்கும் அடிப்படையாக, திருத்துபவர் திரையின் முன்னமர்ந்து, எது ஒளிர்கின்றது என்பதைக் காண்பதோடு நின்றுவிடாது, எது மங்குகின்றது என்பதையும் காணப் பழகுதல் வேண்டும்.

ஒரு தொழிற்சாலையின் புகைப்படம் அத்தொழிற்சாலையைப் பற்றி அனேகமாக எதனையும் கூறுவதில்லை என பிரெக்ற் ஒருமுறை சுட்டிக்காட்டினார். மனித உறவுகள் புறத்தோற்றத்துள் மறைந்துவிட்டமையால், அவற்றை வெளிக்கொணர ஏதேனும் ஒன்றைக் கட்டியமைத்தல் வேண்டும் என்பது அவரது கருத்து. வண்ணத் திருத்தமும் அத்தகைய கட்டியமைத்தலே. அதனைச் செய்யாதிருக்க இன்று எவராலும் இயலாது. நாம் செய்யாவிடின் கருவியைச் செய்தவர் நமக்காகச் செய்வர். ஆகவே நம் முன்னுள்ள பணி, நகர்த்தியைத் தொடாதிருப்பதன்று. கொழுந்தின் பச்சையையும் விரலின் கறையையும் ஒரே படத்தில், ஒன்றையொன்று மறையாதவாறு நிற்கவைப்பதாகும். அதற்கு எவ்வளவு திருத்தம் தேவையோ அவ்வளவே அளவு.